வீட்டில் கனம்

வேளாங்கண்ணி
9.10.2024

மாமாவுக்கு,

ஞானாம்பாள் எழுதுறேன். நல்லாயிருக்கேன். பயப்படாதீங்க. கோபப்படுங்க, அது பரவாயில்ல.

சொல்லாமப் போயிட்டான்னு ஊர்ல சொல்லாதீங்க. சொல்லிட்டுத்தான் வந்தேன். நீங்க கூடத்துல டிவி பார்த்துக்கிட்டு இருந்தீங்க. "மாமா, நான் கிளம்புறேன், சாவிக்கொத்து சாமி மாடத்துல இருக்கு"ன்னேன். "கதவைச் சாத்திட்டுப் போ"ன்னீங்க. கடைக்குப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. போனை வேணும்னேதான் வச்சிட்டு வந்தேன். கையில இருந்தா நீங்க கூப்பிடுவீங்க, நான் எடுப்பேன், அடுத்த பஸ்ல திரும்பிருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

நீங்க தோஹாவை முடிச்சிக்கிட்டு ஒரேயடியா வந்து நாலு மாசம் ஆச்சு. அது வரைக்கும் இருபத்தேழு வருஷம் அந்த வீட்டுக்குக் காவல் நான். நீங்க அனுப்பினது, கொண்டுவந்தது எல்லாம் மூணு ரூம்ல அடுக்கிப் பூட்டிக் கிடக்கு. அதை விட்டுட்டு ஒரு ராத்திரி வெளியில தங்கினதில்ல. இப்ப நீங்க இருக்கீங்க. வீட்டுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும்தானே?

பாபநாசத்துலேருந்து டவுன் பஸ்ஸா மாறி மாறித்தான் வந்தேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாப் பார்த்துப் பார்த்து ஏறினேன். கும்பகோணம், குடவாசல், திருவாரூர், நாகப்பட்டினம். நேரா வந்திருந்தா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கலாம். எனக்கு என்ன அவசரம்? ஜன்னல் சீட்டு கிடைக்கலேன்னா ஏறாம அடுத்த பஸ்ஸுக்கு நின்னேன். வழி பூரா சம்பா நடவு, முழங்கால் சேத்துல பொம்பளைங்க. பஸ்ஸுக்குள்ள உக்காந்து நடவைப் பார்க்கிறது வேற மாதிரி இருக்கு.

கிளம்பறப்ப பை முட்டிக்கிட்டு இருந்துச்சு. திருவாரூர் வர்றதுக்குள்ள தோள் கடுத்துப் போச்சு. கம்பளி, ஊறுகாய் பாட்டில், டார்ச் லைட்டு, ரெண்டு புடவை எல்லாத்தையும் பஸ் ஸ்டாண்டுல பூ கட்டிக்கிட்டிருந்த அம்மாகிட்டக் குடுத்துட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. இப்ப கட்டின புடவை போக மாத்துப் புடவை ஒண்ணு, துண்டு, டம்ளர், ஆதார் கார்டு. பை மடியில இருக்கிறதே தெரியல.

இங்க யாத்திரைக்காரங்க தங்குற கூடத்துல பாய் குடுத்தாங்க, அன்னதான வரிசையில நின்னு சாப்பிட்டேன். திருவிழா முடிஞ்சதால கூட்டம் இல்ல. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டியாந்தப்ப பார்த்த கடல். அப்ப கும்பலாப் பார்த்தோம். இப்ப நான் மட்டும்.

எழுதணும்னு தோணிச்சுன்னா என் பேரைப் போட்டு வேளாங்கண்ணி தபால் ஆபீஸுக்கு அனுப்புங்க. நேர்ல போய்க் கேட்டு வாங்கிக்கிறேன்.

ஞானம்

*

பாபநாசம்
14.10.2024

ஞானத்துக்கு ரெத்தினம் எழுதிக்கொள்வது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "அம்மா ஊர்ல இல்லீங்களா?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். உறையின் மேல் வேளாங்கண்ணி முத்திரை இருந்ததை அவர் படித்தாரோ என்னவோ. எதிர்வீட்டுப் பூவம்மாளிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு இசைவாணியே போன் செய்து "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல என்னிடம் பொய் மிச்சமில்லை.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? இந்தத் தெருவில் முதன்முதலில் வாஷிங்மெஷின் வந்தது யார் வீட்டுக்கு? நம் அப்பன் பாட்டன் மிராசுதார் வீட்டுக் கொல்லை வழியாகப் போய்க் கூலி வாங்கியவர்கள். அவர்கள் பேரன் மாடி வீடு கட்டினான் என்று ஊர் பேசியது. அந்த வீட்டு அம்மாள் இன்றைக்கு ஓசி பஸ்ஸில் ஏறி, கோயில் கோயிலாக அன்னதான வரிசையில் நிற்கிறாள் என்று தெரிந்தால் யாருக்கு அவமானம்?

கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் கிளம்பினேன். அய்யம்பேட்டை தாண்டியதும் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. இறங்கித் திரும்பி வந்தேன். போட்டுத்தான் இருந்தது. மறுபடி கிளம்ப மனம் வரவில்லை.

உடனே திரும்பி வா. சர்க்கரை எதில் வைத்திருக்கிறாய் என்றும் எழுது.

ரெத்தினம்

*

நாகூர்
20.10.2024

மாமாவுக்கு,

சர்க்கரை ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு. எறும்புக்காக தண்ணித் தட்டுல வச்சிருப்பேன், பாருங்க.

தபால் ஆபீஸ்ல ஆதாரைக் காட்டித்தான் உங்க கடிதத்தை வாங்கினேன். "வீட்டு விலாசம் பாபநாசம்னு இருக்கு, லெட்டரும் அங்கேருந்துதான் வருது, நீங்க ஏம்மா இங்க இருக்கீங்க?"ன்னாரு அந்தத் தம்பி. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

அவமானம்னு எழுதியிருக்கீங்க. நேத்து தர்கா வாசல்ல என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டது சைத்தூன் பீவின்னு ஒரு அம்மா. மகன் துபாய்ல, பெரிய வீடு. மாசத்துல ரெண்டு நாள் இங்க வந்து படுத்துக்கிட்டுப் போவாங்களாம். "வீட்டுல தூக்கம் வரலம்மா, இங்க வருது"ன்னாங்க.

மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க. எனக்கு வழியே கிடையாது மாமா, வீட்டுலதான் கனம். அதான் பயமெல்லாம் வீட்டுலயே இருந்துச்சு.

ஒண்ணு சொல்றேன். வீடு கட்டி முடிச்ச வருஷம் திருக்காட்டுப்பள்ளியில எங்கம்மா இழுத்துக்கிட்டுக் கிடந்தாங்க. உங்க கார்கோ சாமான் அந்த வாரந்தான் வந்துச்சு. கொல்லைப்பக்கம் கதவு மாட்டல, தென்னந்தட்டி வச்சு மறைச்சிருந்தோம். "எங்கயும் ராத்தங்காதே"ன்னு போன்ல சொன்னீங்க. நான் தினம் காலையில போவேன், கடைசி பஸ்ல திரும்புவேன். அன்னைக்கு நான் எழுந்தப்ப அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. பேச்சு இல்ல, பிடி மட்டும் இருந்துச்சு. "விடிஞ்சதும் வந்துர்றேம்மா"ன்னு சொல்லி, விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டுட்டு பஸ் ஏறினேன். விடிஞ்சதும் தகவல்தான் வந்துச்சு.

இதை நான் உங்ககிட்டச் சொன்னதில்ல. போன்ல சொல்ற விஷயமா அது? நீங்களும் அங்க தனியா அழுதீங்க, பாதியில லைன் கட்டாயிருச்சு.

உங்களைக் குத்தம் சொல்ல எழுதல. அடுத்து திருக்காட்டுப்பள்ளிக்குப் போறேன். எங்க அண்ணி வீட்டுல, அம்மா படுத்திருந்த அந்த ரூம்ல ராத்தங்கணும். அவ்வளவுதான் ஆசை. எழுதினா அங்க எழுதுங்க.

ஞானம்

*

பாபநாசம்
25.10.2024

ஞானம்,

படித்தேன். எனக்குத் தெரியாது.

இதற்கு மேல் எழுத உட்கார்ந்து ரெண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் நான் திருக்காட்டுப்பள்ளி வருகிறேன். எங்கும் கிளம்பிவிடாதே. அங்கேயே இரு.

ரெத்தினம்

*

மயிலாடுதுறை
4.11.2024

மாமாவுக்கு,

உங்க பெரிய பெட்டி அண்ணி வீட்டுலயே இருக்கு. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க. அண்ணி அதுமேல துணி மடிச்சு வைக்க ஆரம்பிச்சிட்டாங்க.

நீங்க கார்லேருந்து இறங்கினப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன். தாடியை எடுத்துட்டு, நான் எடுத்துக் குடுத்த நீலச் சட்டையில வந்திருந்தீங்க. அப்புறம் டிக்கியைத் திறந்தீங்க. பெட்டி, குக்கர், பிளாஸ்க், சுருட்டின மெத்தை. "நீ கஷ்டப்படக் கூடாதுல்ல, தஞ்சாவூர்ல ஏசி ரூம் போட்டிருக்கேன்"னீங்க. நான் அந்த ரூம்ல ராத்தங்க வந்ததை எழுதியிருந்தேனே மாமா.

சரி, அதையும் விட்டுட்டேன். நீங்களும் ஏசி ரூமை விட்டுட்டு எங்களோட தங்கினீங்க. ஆனா ராத்திரி பூரா பூவம்மாளுக்குப் போன். பூட்டு இருக்கா, லைட் எரியுதா, நாய் குரைக்குதா. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச ஈரத் தலையோட, "போயி ஒரு தடவை பார்த்துட்டு சாயங்காலம் வந்துர்றேன்"னு கார் ஏறினீங்க. சாயங்காலம் வரல. மறுநாளும் வரல. நான் கேக்கவும் இல்ல. அந்த வார்த்தையை நான் எங்கம்மாகிட்டச் சொன்னவ. அதோட அர்த்தம் எனக்குத் தெரியும்.

காவிரிக்கரைப் படித்துறையில உக்காந்து அதிரசத்தைச் சாப்பிட்டேன். அண்ணி வீட்டுப் பிள்ளைங்க வெடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரையும் கூப்பிடத் தோணல.

நான் ரொம்ப சந்தோஷமாத் திரியுறேன்னு நினைச்சுக்காதீங்க. வீட்டுல தனியா இருக்கிறது எனக்குப் பழக்கம். தனியாப் போறது வேற. பஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க இறங்கறப்ப ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க, அவ்வளவுதான் உறவு. முந்தாநாள் இங்க வர்ற வழியில காய்ச்சல் வந்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒரு பகல் பூரா படுத்துக் கிடந்தேன். யாரோ ஒரு பொண்ணு டீ வாங்கிக் குடுத்துட்டு, பேர்கூடச் சொல்லாம பஸ் ஏறிருச்சு. அழுகை வந்துச்சு. ஆனாலும் வீட்டுக்கு வரணும்னு தோணல. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். நீங்க எழுதினா கும்பகோணம் பெரிய தபால் ஆபீஸுக்கு அனுப்புங்க. எப்படியும் அந்த வழியாத்தான் திரும்பணும்.

ஞானம்

*

பாபநாசம்
29.11.2024

அன்புள்ள ஞானம்,

இங்கே அடைமழை. வாய்க்கால் வழிந்து கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். நீ எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாயோ தெரியவில்லை. நாகப்பட்டினம் செய்தி வரும்போதெல்லாம் டிவி முன்னால் எழுந்து நிற்கிறேன்.

தீபாவளியன்று திரும்பி வந்து பூட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். மறுபடி கிளம்பி வர வெட்கமாக இருந்தது, அதனால்தான் வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று எனக்கும் இருக்கிறது. தோஹாவில் ஒரு ரூமில் எட்டுப் பேர். எனக்குக் கீழ்க்கட்டில், அதுவே பெரிய யோகம். என் சாமான் மொத்தமும் அந்தக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் அடங்கிவிடும். மூன்று சட்டை, ஒரு தட்டு, பாஸ்போர்ட். கம்பெனி ஸ்டோரில் லாரி லாரியாகச் சாமான் இறக்கி எண்ணி அடுக்குவேன். ரூமுக்கு வந்தால் கால் நீட்ட இடமிருக்காது. படுத்துக்கொண்டு நம் வீட்டை நினைப்பேன். இந்த மூலையில் அது, அந்த மூலையில் இது என்று நிரப்பிக்கொண்டே தூங்கிப் போவேன். லீவில் வரும் ஒரு மாதம் கல்யாண வீடு மாதிரி போய்விடும். ஆக அந்த வீட்டில் நான் இருந்ததே இல்லை, நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நீ ஒரு பையோடு போகிறேன் என்று எழுதியபோது எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம் வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. உனக்கு அது விடுதலை. எனக்கு அது எட்டுப் பேர் ரூம்.

முந்தாநாள் கிராம நிர்வாக ஆபீஸிலிருந்து வந்து, பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் போர்வை ஏதாவது கிடைக்குமா என்று தெருவில் கேட்டார்கள். நடு ரூமைத் திறந்தேன். கம்பளிகள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து உதறினேன், மடிப்போடு பிட்டுக்கொண்டு வந்தது. பாதிக்குப் பாதி பூச்சி அரித்துவிட்டது. நல்லதையெல்லாம் தூக்கிக் கொடுத்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பாத்திரம், பக்கெட், பாய். பூவம்மாள் வந்து "அண்ணே, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள்.

இசைவாணிக்கு ஐந்து வயதில் வாங்கி வந்த பொம்மை ஒரு டப்பாவில் இருந்தது. அழுக்காக்கிவிடுவாள், பெரியவளானதும் கொடுக்கலாம் என்று நான்தான் மேலே எடுத்து வைக்கச் சொன்னேன்.

நேரில் உன் எதிரே உட்கார்ந்தால் எனக்குச் சர்க்கரை எங்கே, சாவி எங்கே என்றுதான் பேச வருகிறது. இதெல்லாம் எழுதினால்தான் வருகிறது. நமக்குக் கல்யாணமே தபாலில்தான் நடந்தது போல.

ரெத்தினம்

*

கும்பகோணம்
7.12.2024

மாமாவுக்கு,

கடிதத்தைத் தபால் ஆபீஸ் வாசல்லயே நின்னு படிச்சேன். அப்புறம் பக்கத்துக் கடையில போய் உக்காந்து இன்னொரு தடவை படிச்சேன்.

எட்டுப் பேர் ரூம்னு எனக்குத் தெரியாது. "நல்ல ரூம், ஏசி இருக்கு"ன்னுதான் நீங்க எப்பவும் சொல்லுவீங்க. நான் அந்த ரூமை ஒரு வீடு மாதிரியே நினைச்சு வச்சிருந்தேன். அதுல உங்களுக்கு ஒரு மேசைகூடப் போட்டிருந்தேன்.

நானும் ஒண்ணு சொல்லணும். மழை பெஞ்ச அன்னைக்குத் தஞ்சாவூர் பஸ்ல நம்ம தெரு முனை வழியாத்தான் போனேன். தண்ணி நின்னதால பஸ் ஊர்ந்து ஊர்ந்து போச்சு. நம்ம வீட்டு வாசக்கதவு ரெண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்துச்சு. அது அப்படித் திறந்து நான் பார்த்ததே இல்ல. கீழத்தெருப் பொம்பளைங்க தலையில கம்பளியோட இறங்குறாங்க. நீங்க தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா எடுத்து எடுத்துக் குடுக்குறீங்க. கண்டக்டர் தம்பி "இறங்குறீங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு, நான் எழுந்து நின்னதைப் பார்த்துட்டு. இல்லேன்னு உக்காந்துட்டேன்.

ஏன் இறங்கலைன்னு அன்னையிலேருந்து யோசிக்கிறேன். இறங்கியிருந்தா நான் வந்து, கொல்லைக் கதவைப் பார்த்து, அடுப்பு மூட்டி, யார் யாருக்கு என்ன போச்சுன்னு கவனிக்க ஆரம்பிச்சிருப்பேன். நீங்க கூடத்துல போய் உக்காந்திருப்பீங்க. பஸ்ஸிலேருந்து பார்த்த அந்த ஆளை நான் கெடுக்க விரும்பல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போய் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க. என்னைத் தேடி வேணாம். கார் வேணாம். மடியில வச்சுக்கிற அளவு ஒரு பை. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. இதே தபால் ஆபீஸ்தான், காத்திருக்கேன்.

ஞானம்

*

வைத்தீஸ்வரன்கோயில்
19.12.2024

அன்புள்ள ஞானம்,

சத்திரத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை, முழங்கால்தான். கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் தூங்கவே இல்லை. பூட்டு, பூட்டு என்று அதே ஞாபகம். பூவம்மாளுக்குப் போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தேன். பக்கத்துப் பாயில் மன்னார்குடிக்காரர் ஒருவர், பக்கிரி என்று பேர். "என்ன அண்ணாச்சி, யாரையாவது பறிகொடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். வீடு தனியாக இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு என்னங்க தெரியும், தனியா இருக்கோம்னு?" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டார்.

நேற்று குளக்கரையில் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காயும் வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்தான் உறைத்தது, அன்றைக்கு முழுக்க வீட்டு நினைப்பே வரவில்லை. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பயம்தான் வந்தது. இனிமேல் எதைப் பற்றிக் கவலைப்படுவேன் என்று.

அப்புறம் உன் நினைப்பு வந்தது. கவலையாக இல்லை, சும்மா நினைப்பு. நீ இருபத்தேழு வருஷம் எப்படி அந்த வீட்டில் சாயங்காலங்களைக் கழித்தாய் என்று கேட்டதே இல்லை நான்.

இன்னும் கொஞ்ச நாள் கழித்துத்தான் திரும்புவேன். அடுத்து சிதம்பரம், எழுதினால் அங்கே தபால் ஆபீஸுக்கு எழுது. நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் சாவி பூவம்மாளிடம் இருக்கிறது. ரூம்களில் காவல் காக்க இப்போது எதுவும் இல்லை. ஒரு நாள் போய், காவல்காரியாக இல்லாமல், சும்மா படுத்துத் தூங்கிப் பார். நான் குறுக்கே வர மாட்டேன்.

ரெத்தினம்

*

பாபநாசம்
28.12.2024

மாமாவுக்கு,

சிதம்பரம் தபால் ஆபீஸ்ல உங்ககிட்டயும் ஆதார் கேட்டிருப்பாங்களே.

வந்து நாலு நாள் ஆகுது. பூவம்மாள் சாவியைக் குடுத்துட்டு, "கோயம்புத்தூர் எப்படி அக்கா?"ன்னு கேட்டா. அவ கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது, எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறா. "கடல் நல்லாயிருந்துச்சு"ன்னேன். சிரிச்சிட்டா.

வீட்டுல பேசினா எதிரொலிக்குது. மூணு ரூமும் காலி. நடு ரூம்ல வெறுந்தரையில படுத்தேன். வெயில் ஏறினப்புறம்தான் முழிச்சேன். பால்காரர் சத்தமும் கேக்கல, குக்கர் சத்தமும் கேக்கல. எழுந்து உக்காந்ததும் நீங்க இங்க இல்லேன்னு ஞாபகம் வந்துச்சு. நீங்க தோஹாவுல இருந்தப்ப, வருவீங்கன்னு இருப்பேன். திரும்பி வந்த நாலு மாசம் எதிர்லயே இருந்தீங்க, இருந்தும் இல்லாத மாதிரி. இப்ப இல்லேன்னா நிஜமாவே இல்ல. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது புதுசா இருக்கு.

இசைவாணி பொங்கலுக்கு வர்றாளாம். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இருப்பீங்களா?"ன்னு கேக்குறா. தெரியலடின்னேன். தை மாசம் நான் மறுபடி கிளம்புவேன், அதை இப்பவே சொல்லிர்றேன். நீங்களும் வர்றதுன்னா வாங்க. நான் டிக்கெட் இல்லாத பஸ்லதான் வருவேன், நீங்க கண்டக்டர்கிட்ட உங்க ஒருத்தருக்கு வாங்கிக்குங்க. வரலேன்னா எழுதுங்க. எழுதுறதை மட்டும் நிறுத்திடாதீங்க.

இன்னைக்கு ரெண்டு பேருக்கு உலை வச்சுப் பார்த்தேன். நீங்க இருந்த நாலு மாசமும் ஒரு நாள் சோறு மிஞ்சும், ஒரு நாள் பத்தாது. நீங்களும் ஒண்ணும் சொல்லாமச் சாப்பிடுவீங்க. எனக்கு ஒருத்திக்கு வடிக்கத் தெரியும், விசேஷம்னா ஊருக்கே வடிக்கத் தெரியும். ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசின்னு இந்தக் கை பழகவே இல்ல.

இன்னைக்கு நான் பாதி சாப்பிட்டேன். மீதி சரியா இன்னொரு ஆளுக்கு இருந்துச்சு.

ஞானம்